பெயர் எழுதாத மொய்

இரண்டு வருடமாக நான் யாரோடும் சண்டை போடவில்லை. பேராவூரணிப் பக்கம் யாரைக் கேட்டாலும் இது எவ்வளவு பெரிய சேதி என்று சொல்வார்கள். இலக்கியா பந்தல் சர்வீஸ் என்றால் பந்தலுக்கு முன்னால் என் வாய்தான் ஊருக்கு ஞாபகம் வரும். பந்தல் நன்றாக இருக்கும், ஆனால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போ என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். இப்போதோ பேருந்தில் என் காலை மிதிக்கிறவனைப் பார்த்துக்கூட "பரவால்ல தம்பி" என்கிறேன். நான் திருந்திவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மிதித்தவன் என் தம்பிக்கு ஒரு மாதம் கொடுத்தவனாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான்.

அது என்ன ஒரு மாதம் என்று சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி முகிலன் என்னிடம்தான் வண்டி ஓட்டினான். தானாக ஓடுகிற வண்டிகள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் எங்கள் ஊர்ச் சந்துகளில் நுழைந்தால் அவை மிரண்டுபோய் நின்றுவிடும். கம்பும் தகரமும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக இன்னும் ஆள்தான் வேண்டும். அன்றைக்குப் பட்டுக்கோட்டைக்குக் கிளம்பும்போது, அவனோடு படித்த தீபக் ஒரு சாக்கைத் தூக்கி வண்டியில் போட்டான். போகிற வழியில் ஒரு கடையில் இறக்கிவிடச் சொன்னான். என்ன சாக்கு என்று முகிலன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவன் செய்தது தப்புதான், அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

சாக்கில் இருந்தது பச்சை மிட்டாய். வெல்லப் பாகும் நிலக்கடலையும் சேர்த்துப் பிடித்து, உள்ளே துளியூண்டு மருந்தைக் கலந்திருப்பார்கள். சாப்பிட்ட பிள்ளை இரண்டு நாளைக்குச் சிரித்துக்கொண்டே இருக்கும், மூன்றாம் நாள் அதைக் கேட்டு அழும். அந்த மிட்டாயால் எங்கள் வட்டாரத்தில் எத்தனை வீடு இருண்டுபோனது என்று எனக்கே தெரியும். மிட்டாய் கடத்துகிறவனுக்குக் குறைந்தது பத்து வருடம், எந்த நீதிபதியும் அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாதபடி சட்டம் வேண்டும் என்று கடைத்தெருவில் கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பந்தலும் மைக்கும் என்னுடையதுதான். கை வலிக்கத் தட்டியவர்களில் நானும் உண்டு.

வழியில் வண்டியைப் பிடித்த போலீசார் சாக்கைத் தராசில் ஏற்றினார்கள். தராசு பத்து வருடம் என்றது. எங்கள் வக்கீல் ரிஸ்வான், சின்ன வயசுக்காரர், என் முன்னால் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டே விளக்கினார்.

"அக்கா, உள்ள இருக்கற மருந்து ஒரு பொடி டப்பாவுல அடங்கிரும். ஆனா மொத்தத்தையும் சேத்துத்தான் எடை போடணும்னு சட்டம். வெல்லம், கடலை எல்லாம் கணக்குல வரும்."

"மருந்த மட்டும் டப்பாவுல கொண்டுபோயிருந்தா?"

"ஆறு மாசம். எடை கம்மில்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எதிரே இருந்த தண்ணீர்ச் சொம்பு தெருவில் போய் விழுந்தது. கடலை மிட்டாய்க்கா ஒரு மனுசனுக்குப் பத்து வருடம்?

இது போதாதென்று தீபக் வெளியே வந்துவிட்டான். அவனையும் பிடித்தார்கள்தான். ஆனால் அவனுக்கு மேலே இருந்த ஆட்களின் பெயர்களை அவன் கொடுத்தான், சட்டம் அதற்குச் சலுகை கொடுத்தது. முகிலனையும் பெயர் சொல்லச் சொன்னார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரே பெயர் தீபக்தான். நிறைய பேரைத் தெரிந்து வைத்திருக்கிற பெரிய ஆளுக்குப் போக வழி இருக்கிறது, ஒன்றும் தெரியாத வண்டிக்காரனுக்கு இல்லை. இந்தச் சட்டத்தைக் கட்டிய புண்ணியவான் யார் என்று நான் இன்றுவரை தேடுகிறேன்.

தீர்ப்புச் சொன்ன நீதிபதியின் பெயர் அபிநயா. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மா. தீர்ப்பைப் படிப்பதற்கு முன்னால் முகிலனிடம் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். ஒன்பது மாதம், இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவன் சொன்னான். அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இந்த வழக்குல நான் யோசிக்க எதையும் சட்டம் விட்டு வைக்கல. தராசு சொன்னத நான் படிக்கிறேன். அவ்வளவுதான் என் வேலை" என்றார். படித்தார். நீதிமன்றம் என்றும் பாராமல் அந்த அம்மாவை நான் திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது.

இனி தண்டனையைச் சொல்ல வேண்டும். சிறைகளை மூடி வெகுகாலம் ஆயிற்று. இப்போது இருப்பது உறக்கத் தண்டனை. திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கூடம் இருக்கிறது. காலையில் அங்கே படுக்க வைத்து நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். மாலையில் எழுந்தால் ஒரு மாதம் உள்ளே இருந்த நினைப்பு முழுசாக இருக்கும். அப்படித் தினமும் படுத்தால் நாலே மாதத்தில் பத்து வருடம் தீர்ந்துவிடும். உடம்பு மூப்படையாது, வேலை போகாது, அரசாங்கத்துக்குச் சோற்றுச் செலவு கிடையாது. சட்டம் வந்தபோது ஐந்து வருடம்தான் இருந்தது. செலவில்லாத தண்டனையை ஏற்றிக்கொண்டே போவதற்கு யாருக்குக் கை வலிக்கப்போகிறது? அது பத்தாயிற்று.

நாலு மாதம்தானே, வந்துவிடுவான் என்று சொன்னவர்கள் அடுத்த தெரு ஹரீஷைப் பார்த்ததில்லை. கரண்டு வேலை பார்த்தவன், கோயில் திருவிழாவில் பெண் வேஷம் கட்டி ஊரைச் சிரிக்க வைத்தவன். இதே மிட்டாய் வழக்கில் போய் நாலு மாதத்தில் திரும்பினான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் பெற்ற மகளை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டான். தலையணைக்கு அடியில் இட்லியை ஒளித்து வைத்தான். எந்தக் கதவைக் கண்டாலும், அது விரியத் திறந்து கிடந்தாலும், நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பான். யாராவது "வா" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் காலை எடுத்து உள்ளே வைப்பான். ஒருநாள் வீட்டில் ஆள் இல்லாமல் மழையில் தன் வீட்டு வாசலில் பொழுது சாயும்வரை நின்றிருக்கிறான். பிறகு அவனும் மிட்டாய் தின்ன ஆரம்பித்தான். எதை ஒழிக்க அவனை அனுப்பினார்களோ அதற்கே ஒரு ஆளைச் சேர்த்து அனுப்பியதுதான் மிச்சம்.

முகிலன் அப்படி வந்து நின்றுவிடுவானோ என்பதுதான் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவன் பெண் குழந்தையின் பெயர் யாழிசை. "அக்கா, திரும்பி வர்றப்ப பாப்பா பேரு எனக்கு மறந்துபோயிருந்தா நீ சொல்லிக் குடுப்பியா?" என்று முகிலன் கேட்டான். அதற்குமேல் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

ரிஸ்வானை நான் விடவில்லை. ஏதாவது பொந்து இருக்கும், தேடு என்று அவர் வீட்டு வாசலிலேயே கிடந்தேன். ஒரு வாரம் கழித்து அவரே தேடி வந்தார். சட்டத்தின் கடைசியில் பங்கு என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். ஒரு தடவை படுத்து எழுந்தால் மூளைக்குப் பெரிய சேதம் இல்லை, அடுத்தடுத்துப் படுக்கும்போதுதான் தடம் ஆழமாக விழுகிறது என்று மருத்துவர்கள் சொல்லப்போய்ச் சேர்த்த பிரிவு. யார் வேண்டுமானாலும் தானாக முன்வந்து ஒரே ஒரு மாதத்தைக் கைதிக்காகப் படுத்துக் கொடுக்கலாம். அதில் ஒரு பங்கை மட்டும் கைதியே படுக்க வேண்டும். காசோ கைம்மாறோ இருக்கக் கூடாது.

"ஒண்ணு குறைஞ்சாலும் பங்கு செல்லாதுக்கா, முழுசும் முகிலனே படுக்கணும். அவனோட சேத்து மொத்தம் நூத்தி இருபது பேர் வேணும். இதுவரைக்கும் இந்தப் பிரிவுல அம்மா, பொண்டாட்டின்னு ரெண்டு மூணு பேருக்கு மேல எந்தக் கேஸ்லயும் வந்ததில்ல. ஒரு மிட்டாய்க் கேசுக்கு எவன் வந்து படுப்பான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூற்றிருபது பேரா? ஆடி மாதம் வந்தால் ஆயிரம் பேருக்குப் பந்தல் போடுகிறவள் நான்.

மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மொய் விருந்து என்று ஒன்று உண்டு. கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம். கை நொடித்த வீட்டில் கிடா வெட்டி, ஊரைக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் செய்வார்கள். அடுத்த வருடம் அவர்கள் வீட்டில் விருந்து வரும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் சேர்த்தும் செய்ய வேண்டும். இப்படியே பணம் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். விழுந்தவன் எழுந்திருப்பான். எங்கள் வட்டாரத்தில் தென்னந்தோப்பு வாங்கியது, பிள்ளையை மருத்துவத்துக்குப் படிக்க வைத்தது எல்லாம் இதில்தான். பணத்தை மொய் செய்கிற ஊர் ஒரு மாதத்தை மொய் செய்யாதா என்று நினைத்தேன். ரிஸ்வான் என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார், பிறகு மனு எழுதினார்.

மனு அதே நீதிபதி அபிநயாவிடம்தான் வந்தது. தண்டனையைக் குறைக்க அந்த அம்மாவுக்கு அதிகாரம் இல்லை. பங்கை ஏற்பதா வேண்டாமா என்கிற இடம் மட்டும் அவர் கையில் இருந்தது. அங்கே போய் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அரசு வழக்கறிஞர் என்னைக் கூண்டில் ஏற்றி, ரொம்பவும் பணிவாக மொய்யைப் பற்றி விசாரித்தார். நல்ல பழக்கம்தான், வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாதவர்களும் இருப்பார்கள் இல்லையா என்று கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"யாரப் பாத்து கேக்குறீங்க? எங்க வீட்டுல வாங்குன மொய் ஒண்ணு திரும்பாம போனதுண்டா? ஒண்ணுக்கு ஒண்ணரையாத்தான் போயிருக்கு. திருப்பிச் செய்யாதவன் எங்க ஊருல தலை நிமிந்து நடக்க முடியாது."

ரிஸ்வான் கண்ணை மூடிக்கொண்டார். அரசு வழக்கறிஞர் நீதிபதி பக்கம் திரும்பி, இது தானம் இல்லை, கைம்மாறு என்று அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது, எனவே பங்கு செல்லாது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மொய்யின் பெருமையைப் பேசி என் தம்பியை நானே உள்ளே தள்ளிவிட்டேன். வாயால் கெட்டவள் என்று என்னை ஊர் சொல்வது சும்மா இல்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நீதிபதி அம்மா என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு அரசு வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேட்டார். யார் கொடுத்தார்கள் என்பதே வாங்கியவருக்குத் தெரியாவிட்டால் திருப்பிச் செய்ய முடியுமா? முடியாது என்றார் அவர். அப்படியானால் அது கைம்மாறு ஆகுமா? அவர் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார்.

உத்தரவு அன்றே வந்தது. பங்கு கொடுக்க நினைப்பவர்கள் நேராகக் கூடத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்கலாம். அந்தப் பெயர்கள் எக்காலத்திலும் கைதிக்கோ, அவர் குடும்பத்துக்கோ, வக்கீலுக்கோ, ஏன், நீதிமன்றத்துக்கோகூடத் தெரியக் கூடாது. எத்தனை பேர் என்கிற எண்ணிக்கை மட்டும் வெளியே வரும். விருந்து வைக்கலாம். ஆனால் சாப்பிட வந்தவரிடம் கொடுப்பாயா என்று கேட்கக் கூடாது. ஒரு மாதம் கெடு, அதுவரை முகிலன் வீட்டில் இருக்கலாம்.

விருந்தை ஆடி மாதமே வைத்தோம். வாழ்க்கையில் நான் போட்ட பந்தல்களிலேயே பெரியது அதுதான். பழக்க தோஷத்தில் மொய் எழுதுகிற மேசையை வாசலில் போட்டுவிட்டேன், ரிஸ்வான் ஓடிவந்து தூக்கினார். மொய் விருந்து என்றால் மைக்கில் பெயர் பெயராகப் படித்துக்கொண்டே இருப்பார்கள், அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் பசியே எடுக்கும். அன்றைக்கு மைக் வாய் திறக்கவில்லை. ஜனங்கள் வந்தார்கள், கறிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்கள், கையைக் கழுவினார்கள், வாசலில் பழக்கத்துக்கு மேசையைத் தேடினார்கள், காணாமல் திருதிருவென்று விழித்துவிட்டுப் போனார்கள். யாரிடமும் ஒன்றும் கேட்க முடியாமல் ஒவ்வொரு இலையாகப் போய், "குழம்பு போதுமா, இன்னொரு துண்டு வைக்கட்டுமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அதைத் தவிர என்ன பேச?

கடைசிப் பந்தியில் பவித்ரா அக்கா வந்து உட்கார்ந்தார். அந்த அக்காவின் ஒரே மகன் பச்சை மிட்டாயால்தான் போனான். பத்து வருடச் சட்டம் கேட்ட கூட்டத்தில் என் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதவர் அவர்தான். இலையில் வைத்ததில் பாதியைச் சாப்பிட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒந்தம்பி ஏத்துன சாக்குலேருந்துதான் எம்புள்ளைக்கு வந்துச்சா?"

"இல்லக்கா. அது நடந்து மூணு வருசமாச்சே." பொய் சொல்ல மனசு வரவில்லை. "ஆனா இந்த மாரி ஒரு சாக்குலேருந்துதான் வந்திருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். "பத்து வருசம்னு சட்டம் வந்தா மிட்டாய் ஊருக்குள்ள வராதுன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் கேட்டேன். நேத்துகூட பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி விக்கிறான். எம்புள்ள வயசுப் பய."

கை கழுவிவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

என் பங்கை நான் முதல் வாரமே படுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு மாதத்தைப் பற்றி நிறையச் சொல்ல விருப்பமில்லை. ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு குழாய், ஒரு கதவு. பேச ஆள் கிடையாது. எனக்கு, எனக்கு, பேச ஆள் கிடையாது! சாப்பாட்டு நேரத்துக்குக் கதவு தானாகத் திறக்கும். நிலையில் கையை வைத்து நிற்க வேண்டும். ஒரு குரல் "வா" என்று சொன்ன பிறகுதான் காலை வைக்க வேண்டும். முந்தினால் அந்த நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆரம்பத்தில் நான் முந்தி முந்தி ஒரே நாளை எத்தனை தடவை பட்டேன் என்று கணக்கே இல்லை. மாலையில் பட்டையை அவிழ்த்து எழுப்பினார்கள். காலையில் குடித்த காப்பியின் ருசி நாக்கில் அப்படியே இருந்தது. வெளியே பேருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, நான் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே நின்றேன். ஓட்டுநர் "ஏறுங்கம்மா" என்று கத்திய பிறகுதான் காலே எழுந்தது. ஒரு மாதத்துக்கே இது. ஹரீஷை நினைத்து அன்றைக்கு முதல்முதலாக அழுதேன்.

எண்ணிக்கை சாயங்காலம் சாயங்காலம் ரிஸ்வானுக்கு வரும். முதலில் மெதுவாக ஏறியது, பிறகு மளமளவென்று ஏறியது. ஊரில் திடீரென்று எல்லோருக்கும் திருச்சிப் பக்கம் சமயபுரம் கோயிலுக்குப் போகிற வேண்டுதல் வந்துவிட்டது. தோளில் பையோடு பேருந்துக்கு நிற்பவர்களைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன். என்னைப் பார்த்தால் அவர்களும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கெடு முடிகிற நாளில் எண்ணிக்கை முகிலனையும் சேர்த்து நூற்றுப் பத்தொன்பதில் வந்து நின்றது.

ஒன்று. ஒரே ஒன்று. முகிலன் மனைவி நிவேதா பால் கொடுக்கிறவள், கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், இரண்டாவது தடவை கிடையாது. தெருவில் இறங்கி யாராவது ஒருத்தர் காலில் விழுந்தால் வந்துவிடுவார்கள். ஆனால் கேட்கக் கூடாது, கேட்டால் எல்லாமே போயிற்று. வாழ்நாள் முழுக்க ஓயாமல் பேசியவள் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு குடோனில் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். கூடம் மூடுகிற நேரமும் தாண்டிவிட்டது. முகிலன் என் பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. ரிஸ்வான்தான்.

"நெறைஞ்சிருச்சுக்கா. மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒருத்தர் வந்து பேர் குடுத்திருக்காங்க. யாருன்னு கேக்காதீங்க, சத்தியமா எனக்கும் தெரியாது."

அந்த நிமிஷத்தில் என் மனசில் இருந்ததைச் சொல்ல வேண்டுமானால் எல்லாக் கடவுளுக்கும் நன்றி, எல்லா மனுசருக்கும் நன்றி, கறிக்குழம்புக்கும் நன்றி என்றுதான் சொல்ல வேண்டும். முகிலன் அடுத்த வாரம் போய்த் தன் பங்கைப் படுத்துவிட்டு அன்று மாலையே திரும்பினான். நிலையில் கையை வைத்து வாசலிலேயே நின்றான். "உள்ள வாடா" என்றேன். வந்தான். நேராகக் குழந்தையிடம் போய் "யாழிசை" என்று கூப்பிட்டான். நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதோடு கதை முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் மொய் வாங்கியிருக்கிறேனே! யாரிடம் என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் இந்த அவஸ்தை புரியும். ராத்திரி படுத்தால் இது முதுகில் உறுத்தும். கடைசியில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. எல்லோருக்கும் திருப்பிச் செய்துவிடுவது. வாடகை பாக்கி வைத்தவனுக்கும் பந்தல் போட்டேன். எங்கள் வேலியை நகர்த்தி நட்ட பங்காளி வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாகப் போய்ச் சாமியானா கட்டினேன். என்னை மேடையில் வைத்து மட்டம் தட்டிய கவுன்சிலர் பெண்ணின் கல்யாணத்துக்கு வாழை மரம் இலவசம். யாரைப் பார்த்தாலும் இவரோ, அவரோ என்று இருக்கும்போது எப்படிக் கோபம் வரும்? இந்த ஊரில் இத்தனை நல்லவர்கள் இருக்கிறார்கள் என்பது யார் என்று தெரியாததால்தான் எனக்குத் தெரிந்தது. ஹரீஷ் இப்போது என்னிடம்தான் சீரியல் விளக்குக் கட்டுகிறான். அவனுக்காகக் குடோன் வாசலில் எப்போதும் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறேன், அவன் நின்றால் "வா" என்று சொல்ல.

கண்டுபிடிக்கக் கூடாது என்று உத்தரவு, நானும் தேடவில்லை. ஆனால் கண் இருக்கிறதே. ஒரு மாதம் படுத்தவர்களுக்கு அந்த வாசல் பழக்கம் மெல்ல மெல்ல மறைந்துவிடும். இருந்தாலும் களைப்பாக இருக்கும்போது, புது இடத்துக்குப் போகும்போது, கை தானாக நிலைக்குப் போய்விடும், எனக்கே போகும். போன தை மாதம் ரேஷன் கடையில் பவித்ரா அக்கா எனக்கு முன்னால் போனார். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் கையை வைத்து நின்றார். நான் பின்னாலிருந்து "போங்கக்கா" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தார். உள்ளே போனார். அன்றைக்கு அரிசி வாங்காமலேயே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் கொடுத்த மாதத்தை நான் எந்த விருந்தில் திருப்பிச் செய்வது?

போன மாதம் பத்து வருடத்தைப் பதினைந்து ஆக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. மிட்டாய் குறையவில்லையாம், அதனால் தண்டனை போதவில்லையாம். தீபக் புது வண்டி வாங்கியிருக்கிறான். அதே வாரம் ரிஸ்வான் இன்னொரு சேதி சொன்னார். நீதிபதி அபிநயா வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். தராசு சொன்னதை இனி படிக்க முடியாது என்று ஒரே வரி எழுதினாராம். பட்டுக்கோட்டை சாலையில் சின்னதாக அலுவலகம் போட்டு, உறக்கத் தண்டனை வழக்குகளுக்கு வக்கீலாக வரப்போகிறாராம்.

நேற்றுக் காலை குடோனில் இருந்தேன். முகிலன் ஏணியில் நின்று துணி கட்டிக்கொண்டிருந்தான். ஒரு கார் வந்து நின்றது, ஒல்லியாகக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இறங்கி வந்தார். அபிநயா அம்மாதான். தலை நன்றாக நரைத்துவிட்டது. நான் எழுந்து நின்றேன். அன்றைக்கு நீதிமன்றத்தில் திட்டிய வார்த்தையெல்லாம் ஞாபகம் வந்து காது சுட்டது.

குடோனின் ஷட்டர் முழுசாகத் தூக்கியிருந்தது. ஒரு லாரியே நுழையலாம். அந்த அம்மா வாசல்வரை வந்தார். வலது கையைத் தூணில் வைத்தார். அப்படியே நின்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. வெயிலில் கண் கூசுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் காலைப் பார்த்தேன். ஒரு கால் வாசற்படிக்கு ஒரு விரல் தள்ளி நின்றது, முன்னால் வரவில்லை. முகத்தில் அவருக்கே ஒரு சங்கடம் தெரிந்தது. கையை எடுக்கவும் முடியவில்லை.

எங்கள் பெயர்கள் யாருக்கும் தெரியக் கூடாது என்று எழுதிய கை அது. நீதிமன்றத்துக்குக்கூட என்று எழுதிய கை. கெடுவின் கடைசி நாள், கூடம் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தவர் இவரா என்று நான் கேட்க முடியாது. கேட்டால் அவர் பதில் சொல்லவும் முடியாது. இதெல்லாம் ஒரே நொடியில் என் தலைக்குள் ஓடி முடிந்தது. 

முகிலன் ஏணியிலிருந்து இறங்கினான். கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். குனியவும் இல்லை, கும்பிடவும் இல்லை.

"வாங்கம்மா. திறந்துதான் இருக்கு" என்றான்.

அவர் உள்ளே வந்தார்.

நாற்காலி போட்டேன். ஹரீஷ் டீ வாங்கி வந்தான். புது அலுவலகம் திறக்கிறேன், வாசலில் ஒரு சின்னப் பந்தல் வேண்டும், ஐம்பது பேர்கூட வர மாட்டார்கள் என்றார். நான் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஐம்பது பேருக்கான பந்தலை நான் போடப்போவதில்லை என்பதையும், அன்றைக்கு ஊரே அங்கே சாப்பிட வரும், ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது என்பதையும் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் வாயைக் கட்டப் பழகியிருக்கிறேன்.

எழுந்திருக்கும்போது கைப்பையைத் திறந்து, "அட்வான்ஸ் எவ்வளவும்மா குடுக்கணும்?" என்று கேட்டார்.

"அது எப்பவோ வந்து சேந்துருச்சும்மா" என்றேன்.

அவர் பையை மூடாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடிவிட்டு, பாதியில் வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்தார்.